கேஸ் குளத்து ஆண்கள்

பிரிஸ்கா ஊருக்கு வந்து இறங்கிய அன்று பனைமுனை உப்பளத்தில் ஒரு பெண்கூட வேலையில் இல்லை. தை மாதம், பாத்தி மிதிக்கிற காலம். பெண்கள் வரிசையாக நின்று, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, காலால் களிமண்ணை இறுக்க வேண்டிய நேரத்தில் பாத்திகளெல்லாம் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தன. கடல் ஏறி வந்தபின் கட்டிய பெரிய சுவரின் நிழலில் இரண்டு நாய்கள் மட்டும் படுத்திருந்தன.

ஞானசுந்தரி பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பள்ளி முடிந்ததும் பிரிஸ்கா கடல் உயிர் ஆராய்ச்சிக்குப் போனாள். சுந்தரி உப்புக்குப் போனாள். இப்போது உப்பளப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

"வந்துட்டியாட்டி? நீ வந்துட்டல்லா, இனி எல்லாம் சரியாயிரும்," என்று பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

திட்டுவாள் என்று நினைத்துத்தான் பிரிஸ்கா வந்திருந்தாள். என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் வைத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

வீட்டு முற்றத்தில் போன வருஷத்து உப்பு ஒரு சாக்கில் இருந்தது. சுந்தரி ஒரு கை அள்ளிக் காட்டினாள். பழுப்பாக, சளி மாதிரி விரலில் ஒட்டியது.

"லாரிக்காரன் மோந்து பாத்துட்டு வேண்டாம்னுட்டான். மாட்டுக்குக்கூட ஆவாதுங்கான்."

"ஒன் மக மெட்டில்டா எங்க?"

"குஜராத்துல, மீன் கம்பெனியில. ஐஸுக்குள்ளயே கைய வச்சு வச்சு வெரல் மரத்துப் போகுதாம். சாயங்காலம் சோத்தப் பிசையத் தெரியலங்கா." சுந்தரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சித்திரையோட ஒப்பந்தம் முடியுது. பாத்தி சரியாச்சுன்னா திரும்பக் கையெழுத்துப் போடமாட்டா. அதுக்குத்தான் ஒன்னய வரச்சொன்னேன். கடல் கெட்டுப்போச்சுங்காவ, மழை கெட்டுப்போச்சுங்காவ. என்னன்னு நீ கண்டுபிடிச்சிருவ."

என்னவென்று பிரிஸ்காவுக்கு ஏற்கெனவே தெரியும்.

உப்பளத் தண்ணீரில் ஒரு பொடி இறால் உண்டு. விரல் நகத்தின் அளவுதான் இருக்கும். தண்ணீரில் முளைக்கிற பாசியைத் தின்று அது தண்ணீரைத் தெளிய வைக்கும்; தண்ணீர் தெளிந்தால் உப்பு வெள்ளையாகக் கட்டும். அது இடுகிற முட்டை தூசியாகக் காய்ந்து கரையில் ஒதுங்கும். அந்தத் தூசியை வாரிக் கொடுத்தால் இறால் பண்ணைக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். பண்ணைக் குஞ்சுகளுக்கு முதல் தீனி அதுதான். அந்தப் பொடி இறாலின் மரபணுவில் ஓர் இடத்தை மாற்றி, ஆண் சேராமலே பெண் முட்டையிடும்படி செய்தவள் பிரிஸ்கா. பிறப்பதெல்லாம் பெண். அத்தனை பெண்ணும் முட்டையிடும்.

ஆனால் அன்றைய உப்பளத்தில் அவளுடைய இறால் நிற்கவில்லை. அன்று அது ஒரே முதலாளியின் குத்தகையில், ஒரே பரப்பாகக் கிடந்த தண்ணீர். ஒரு நோய் வந்தால், ஒரு கொடும் வெயில் அடித்தால், பழைய ஆண்-பெண் இறால்களின் கலப்புக் குஞ்சுகளில் ஏதாவது ஒன்று தப்பிப் பிழைத்து மறுபடி பெருகிவிடும். அப்போதுதான் இறாலை விட்டுவிட்டுத் தண்ணீரை மாற்றும் யோசனை பிரிஸ்காவுக்கு வந்தது. வரப்புப் போட்டு அந்தப் பரப்பை நூற்றுக்கணக்கான சிறு பாத்திகளாகப் பிரிக்கச் சொன்னாள். சிறு பாத்தி வருஷந்தோறும் வற்றும், புதிதாக நிறையும். நிறையும்போது காற்றிலோ பறவைக் காலில் ஒட்டியோ வந்து சேர்வது ஒன்றிரண்டு முட்டைதான். தனியாக வந்த பழைய பெண், துணை கிடைக்காமல் செத்தது. தனியாக வந்த புதிய பெண் பாத்தியை நிரப்பியது. மூன்றே வருஷத்தில் அந்தக் கடற்கரையில் ஆண் இறால் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

பாத்தி சிறிதானதும் அதைக் குடும்பம் குடும்பமாகக் குத்தகைக்கு விட அரசாங்கம் ஒத்துக்கொண்டது. காலங்காலமாகக் கூலிக்கு உப்புச் சுமந்த பெண்களின் பெயரில் முதல்முறையாகப் பாத்தி வந்தது. பிரிஸ்காவுக்கு மேளம் வைத்து மாலை போட்டார்கள். சுந்தரி அன்று மேடையில் அழுதாள்.

மாலை போட்ட வாரத்துக்கு முந்தின வாரம்தான் ஆய்வகத்தில் இஸ்மத் ஃபாத்திமா அவளை ஒரு தொட்டியருகே கூட்டிக்கொண்டு போனாள். காயல்பட்டினத்துக்காரி, அவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள். தொட்டி நிறைய இறால் செத்து மிதந்தது.

"ஒரே ஒரு கிருமியை விட்டேன், பிரிஸ்கா. ஒன்னுகூட மிஞ்சலை. எல்லாத்துக்கும் ஒரே தாய். ஒன்னைக் கொல்லத் தெரிஞ்ச கிருமிக்கு எல்லாத்தையும் கொல்லத் தெரியும். ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொல்லிடு."

"தொட்டி வேற, கடற்கரை வேற," என்றாள் பிரிஸ்கா. ஊர்க்காரர்களிடம் அவள் சொல்லவில்லை. அடுத்த மாதம் இஸ்மத்தை வேறு வேலைக்கு மாற்றினார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதற்குப்பின் இஸ்மத் அவளோடு பேசவில்லை.

ஒன்பது நல்ல வருஷங்களுக்குப் பிறகு வெள்ளை நோய் வந்தது. வடக்கே ஒரு பாத்தியில் ஆரம்பித்து, பறவைகள் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் பரவி, ஒரே பருவத்தில் கடற்கரை முழுவதையும் துடைத்துவிட்டது.

ஊருக்கு வந்து இறங்கிய அன்றே பிரிஸ்கா இஸ்மத்துக்கு ஃபோன் செய்தாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள். எடுத்தாள்.

"ஆண் வேணும், இஸ்மத். பழைய இறால். எங்கயாவது மிஞ்சியிருக்குமா?"

"நம்ம நிலையத்துல வச்சிருந்த பழைய முட்டையெல்லாம் உன் உத்தரவுலதான் கொட்டினாங்க," என்றாள் இஸ்மத். குரலில் கோபம்கூட இல்லை. "வரப்பு போடாத பெரிய தண்ணி எங்கயாவது இருக்கான்னு ஊர்ல கேளு. இருந்தா அங்கதான் இருக்கும்."

கேட்டதும் சுந்தரி சிரித்துவிட்டாள். "கேஸ் குளம் இருக்குல்லா! அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போயி, ரெண்டு பேரும் செத்தும் போயாச்சு. கேஸ் மட்டும் உசுரோட கெடக்கு. தடை உத்தரவு இருக்கதால ஒரு கூடை மண்ணுகூட அங்க போட முடியல."

பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால், உடைமரக் காட்டைத் தாண்டி, அந்தக் குளம் ஏரி மாதிரி விரிந்து கிடந்தது. தண்ணீர் பச்சையாக இல்லை. பிரிஸ்கா முழங்கால் வரை இறங்கிக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தாள். சிவப்பு நூல் துணுக்குகள் போல நீந்திக்கொண்டிருந்தன. சில தனியாக. சில இரண்டிரண்டாக, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒரே உடம்பாக.

"இது என்னட்டி, ஒன்னு மேல ஒன்னு தொத்திக்கிட்டுப் போவுது?"

"பின்னால இருக்கது ஆண்," என்றாள் பிரிஸ்கா. தண்ணீருக்குள்ளேயே நின்று அழுதாள். சுந்தரி அதைச் சந்தோஷ அழுகை என்று எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. பெண்கள் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். ஆளுக்கு நாலு வாளி கேஸ் குளத்துத் தண்ணீரைத் தங்கள் பாத்தியில் ஊற்றினால் போதும், சில வாரத்தில் இறால் பெருகும், பாசி போகும், இந்தக் கோடையிலேயே உப்பு கட்டும். ஒரே ஒரு நாள் பொறுங்கள் என்று பிரிஸ்கா கேட்டுக்கொண்டாள். இஸ்மத் சோதனைக் கருவியோடு வந்துகொண்டிருந்தாள்.

இஸ்மத் தலைமுடி முழுக்க நரைத்து வந்திறங்கினாள். நலம் விசாரிக்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அதிலேயே கருவியைப் பரப்பி, மதியம்வரை வேலை பார்த்தாள். பிறகு பிரிஸ்காவை மட்டும் உடைமர நிழலுக்குக் கூப்பிட்டாள்.

"நோய் இங்கயும் வந்திருக்கு. பாதிக்குமேல செத்திருக்கு. மிச்சம் தாங்கி நிக்குது. நல்ல சேதி அதுதான்."

"கெட்ட சேதி?"

"உன் இறால்லயும் ஆயிரத்துல ஒன்னு தப்பித்தவறி ஆணாப் பிறக்கும், ஞாபகம் இருக்கா? அதுங்க எப்பவோ பறவையோட இங்க வந்து பழைய பெண்களோட சேர்ந்திருக்கு. உன் மாற்றம் இங்கயும் கலந்தாச்சு, பிரிஸ்கா. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்ப இந்தக் குளம் எப்படி இன்னும்..."

"தண்ணி பெருசு. ஒரே மாதிரி நகல் பெருகினா நோய் வந்து அறுத்துட்டுப் போயிடும். கலந்து பிறந்தது தப்பிக்கும். இங்க ஆணுக்கு வேலை இருக்கு. இதையே வாளியில மொண்டு சின்னப் பாத்தியில ஊத்து. ஒத்தையா வந்து சேர்றதுதான் அங்க ஜெயிக்கும். மூனு வருஷம், மிஞ்சினா நாலு. ஆண் அத்துப் போகும். அடுத்து ஒரு நோய் வந்தா பழையபடி பச்சைத் தண்ணி."

பிரிஸ்கா அங்கிருந்தே வரப்புகளைப் பார்த்தாள். "அப்ப பிரச்சினை இறால் இல்ல, வரப்பு."

"அன்னைக்கும் அதானே செஞ்ச? இறாலை வச்சு முடியலைன்னு மண்ணை மாத்தின." இஸ்மத் கையுறையைக் கழற்றினாள். "வரப்பை வெட்டி எல்லாத்தையும் ஒரே தண்ணியாக்கு. ஆண் தானா நிக்கும்."

கேட்பதற்கு எளிதாக இருந்தது. ஆனால் வரப்பை வெட்டினால் பாத்தி மாற்றிக் கட்ட இந்த வருஷம் முழுக்கப் போய்விடும்; உப்பு கிடையாது. அதோடு, ஒரே தண்ணீரானால் முட்டைத் தூசியெல்லாம் காற்று தள்ளுகிற ஒரு கரையில்தான் ஒதுங்கும். அந்தக் கரைக்காரருக்கு மட்டும் விளைச்சல். பங்கு போடவேண்டும்; பங்கில் சண்டை வரும்; சண்டையைத் தீர்க்கிறேன் என்று ஒரு முதலாளி வருவார். பெண்கள் மறுபடியும் கூலிக்காரர்கள். பிரிஸ்காவுக்கு அதெல்லாம் கண்ணெதிரே தெரிந்தது. அவள் போட்ட வரப்புதான் இறாலைக் கொன்றது. அவள் போட்ட வரப்புதான் அவர்களுக்குப் பாத்தியைக் கொடுத்தது.

"சொல்லாம வாளியைத் தூக்க விட்டுடலாம்னு தோணுது," என்றாள் மெதுவாக.

"தோணும்," என்றாள் இஸ்மத். "போன தடவையும் தோணிச்சு."

மறுநாள் சங்கக் கட்டடத்தில் பெண்கள் கூடினார்கள். பலர் வாளியோடு வந்திருந்தார்கள். பிரிஸ்கா எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆணில்லாத இறாலைச் செய்தது, வரப்பு எதற்காகப் போடச் சொன்னாள் என்பது, செத்து மிதந்த தொட்டியைப் பார்த்தபின்னும் வாயைத் திறக்காதது, இப்போது வாளியில் ஊற்றினால் என்ன ஆகும் என்பது. முடித்தபோது முன்வரிசையில் இருந்த ஒருத்தி, போன வருஷம் வீட்டுக்காரனை மும்பைக்கு அனுப்பியவள், எழுந்து வெளியே போய்விட்டாள்.

சுந்தரிதான் பேசினாள். வழக்கம்போல் ஏட்டி என்று கூப்பிடவில்லை.

"பதினோரு வருசத்துக்கு முன்னால இதேமாதிரி எங்கள உக்கார வச்சுச் சொல்லியிருந்தா, அன்னைக்கும் நாங்க வரப்பு போடத்தான் சொல்லியிருப்போம். சொந்தப் பாத்தின்னா சும்மாவா? நோய் வந்தா வரட்டும்னுருப்போம்."

பிரிஸ்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் மூச்சு இலேசானது.

"ஆனா அது நாங்க செஞ்ச தப்பா இருந்திருக்கும்," என்றாள் சுந்தரி. "நீ அதக்கூட எங்களுக்கு விட்டு வைக்கல."

அதன்பிறகு கூட்டத்தில் பேச்சு வெடித்தது. இந்த வருஷம் வாளி, அடுத்த வருஷம் வரப்பை வெட்டலாம் என்றார்கள் பலர். "உப்பு நல்லா கட்டுன வருசம் எவ வரப்ப வெட்டுவா? நீ வெட்டுவியா?" என்று சுந்தரி சத்தம் போட்டாள். வெட்டுவதென்றால் இப்போதே வெட்டவேண்டும், பங்கைச் சங்கமே பிரிக்கட்டும், முதலாளி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் சாய்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்:

"அப்ப மெட்டில்டா?"

சுந்தரியின் முகம் மாறியது. பிறகு ஃபோனை எடுத்து எண்ணைப் போட்டு பிரிஸ்காவிடம் நீட்டினாள்.

"நான் கேட்டா அம்மைக்காகச் சரின்னுருவா. நீ கேளு. முழுசாச் சொல்லிக் கேளு."

மெட்டில்டா இடைவேளையில் இருந்தாள். பின்னால் இயந்திரம் இரைந்தது. பிரிஸ்கா ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் வேண்டாம்னு சொன்னா வரப்ப வெட்டமாட்டீயளா, சித்தி?"

"உங்க பாத்தியை வெட்டமாட்டோம்."

இணைப்பு போய்விட்டதோ என்று பிரிஸ்கா ஃபோனைப் பார்த்தாள்.

"வாளியில ஊத்தச் சொல்லுங்க," என்றாள் மெட்டில்டா. "மூனு வருசமோ ஒரு வருசமோ. எனக்கு வீட்டுக்கு வரணும்." சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

ஃபோன் ஸ்பீக்கரில் போடப்பட்டிருந்தது. எல்லோரும் கேட்டார்கள். மகளுக்கோ புருஷனுக்கோ வெளியூரில் வேலையில்லாத வீடு அங்கே ஒன்றிரண்டுதான். சுந்தரி எழுந்து, தன் வாளியை எடுத்துக்கொண்டு, கேஸ் குளத்துப் பக்கம் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

இஸ்மத் காரில் ஏறும்போது, "கேட்ட. பதில் வந்துது. அவ்வளவுதான்," என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, இறங்கி வந்து பிரிஸ்காவின் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

பிரிஸ்கா ஊரிலேயே தங்கினாள். முதல் நாளில் அவளும் வாளி சுமந்தாள். வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. கிழவி ஒருத்தி மட்டும் சும்மாடு சுற்றிக் கொடுத்தாள். மாசியில் பாத்திகள் சிவந்தன. பங்குனியில் பாசி போயிற்று. சித்திரையில் உப்பு வெள்ளையாகக் கட்டியது. கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. கரையெங்கும் அம்பாரம் எழும்ப, லாரிகள் வந்தன. ஊரே சிரித்தது. பிரிஸ்காவுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பாத்தி பாத்தியாகப் போய்த் தம்ளரில் மொண்டு பார்ப்பாள். ஜோடிகள் இருந்தன. முந்தின வாரத்தைவிடக் குறைவா என்று தனக்கே சந்தேகமாக இருக்கும். யாராவது "என்ன மேடம், இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு" என்பாள். பிறகு அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மெட்டில்டா வைகாசியில் வந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. தம்ளரைப் பிடிக்கும்போது இரண்டு கையாலும் பிடித்தாள். வந்த முதல் வாரம் தூங்கினாள், தின்றாள், அம்மாவோடு சண்டை போட்டாள். பருவம் முடிகிற வரை உப்பு வாரினாள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பிரிஸ்காவைத் தேடி வந்தாள்.

"எங்க பாத்தியில இருக்கா, சித்தி?"

"இருக்கு. போன மாசத்தைவிடக் குறைச்சல்தான். ஆனா இருக்கு."

"வெட்டுனா நிக்குமா?"

பிரிஸ்கா அவளையே பார்த்தாள். "உங்க ஒன்னை மட்டும் வெட்டுனா நிக்காது. பக்கத்துப் பாத்தி, அதுக்குப் பக்கத்துப் பாத்தின்னு போகணும். இந்த வருஷ விளைச்சலைப் பாத்தபிறகு யாரும்..."

"நிக்குமான்னுதான் கேட்டேன்."

"நிக்கும். நிக்கும்னுதான் நெனைக்கேன். உறுதியாத் தெரியாது."

மெட்டில்டா மண்வெட்டியோடு பாத்திக்குப் போனாள். பக்கத்துப் பாத்தி செலஸ்டின் வீட்டுடையது. வரப்பை வெட்டக்கூடாது என்று அவர்கள் போன கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். மெட்டில்டா வரப்பின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மண்ணை வெட்டி வெட்டி ஓரத்தில் போட்டாள். மரத்த விரல்களுக்குக் காம்பு நழுவியது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினாள். சுந்தரி வந்து பார்த்தாள். திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கொஞ்சநேரம் கழித்துத் தானும் ஒரு மண்வெட்டி எடுத்துவந்தாள்.

கோடு வரை வந்ததும் இருவரும் நிறுத்தினார்கள். செலஸ்டின் எதிர்க்கரையில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க பாதிய எடுத்தாச்சு, அக்கா," என்று மெட்டில்டா சத்தமாகச் சொன்னாள். "ஒங்க பாதி ஒங்க இஷ்டம்."

செலஸ்டின் அங்கேயே நின்றாள். பாதி கனமாக மெலிந்துபோன வரப்பில் தண்ணீர் வந்து தட்டித் தட்டித் திரும்பியது.

பிரிஸ்கா கொஞ்சம் தள்ளி நின்றாள். போய் ஒரு கை பிடிக்கவேண்டும் என்று உடம்பு துடித்தது. வெட்டிய பாதி சுந்தரி வீட்டுடையது. வெட்டாத பாதி செலஸ்டினுடையது. அந்த வரப்பைப் போடச் சொன்னவளுக்கு அதில் எந்தப் பாதியும் இல்லை.